பள்ளிக்கூடத்துக்கு வந்த மாமன் சீர்

சேந்தன்விடுதி,
கந்தர்வக்கோட்டை வழி.
சித்திரை 14, ஞாயிறு.

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு அம்மா பொன்னுத்தாய் எழுதிக்கொள்வது. அந்தக் குளிர் தேசத்தில் நீ சளி, இருமல், தலைவலி எதுவும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, மனசு நிறைவாக இருக்கவேண்டும் என்று நம் எல்லை அய்யனாரைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே அப்பா நலம், பசு நலம், கன்று நலம், நானும் நலம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி நான் சொல்வதைக் கேட்பதில்லை. வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அன்றைக்கு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன், அதற்குப் பிறகு நீ கூப்பிட்ட போதெல்லாம் போனை அப்பா கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். எந்த மாடும் அவ்வளவு தண்ணீர் குடிக்காது என்று உனக்கும் தெரியும். போனில் பேசினால் நான் சொல்ல நினைப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்றாகப் போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி, நின்றுகொண்டு ஒரு கையில் காப்பியை வைத்துக்கொண்டு படிக்காதே.

முந்திரிக்காடு இந்த வருஷம் பரவாயில்லை, பூ எடுக்கும்போது பனி கொட்டியதால் பாதி கருகிவிட்டது என்று அப்பா புலம்பினார், ஆனால் மிச்சம் நின்ற காய் நல்ல திரட்சி. உனக்காக நான் தனியாகச் சுட்டு உடைத்துப் பருப்பு எடுத்து வைத்திருக்கிறேன், கையெல்லாம் பால் பட்டுக் கறுத்துக் கிடக்கிறது, அதனால் இந்தக் காகிதத்தில் அங்கங்கே கறை இருந்தால் கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளாதே, முந்திரிப் பால்தான். பருப்போடு கேழ்வரகு மாவும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்து இந்தக் கடிதத்தையும் சேர்த்து கூரியரில் போடச் சொல்லியிருக்கிறேன், உங்கள் பள்ளிக்கூடத்துக்கு நீ பதில் சொல்லவேண்டிய தேதிக்குள் வந்துவிடும் என்று கூரியர்க் கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். ஊறுகாயை அப்படியே திறந்து வைத்துவிடாதே, ஈரக் கரண்டி போடாதே. உன்னைப் பெண் கேட்ட திருவரங்குளத்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து மறுபடி ஆள் அனுப்பினார்கள், அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், இப்போது அந்த இடத்துக்குத் தாவிப் படிக்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

முதலில் நம்ம பள்ளிக்கூடத்துக் கதை. சித்திரை பிறந்த அன்று எடுத்த வீடியோவை அப்பா அனுப்பினார், நீயும் பார்த்துவிட்டுக் கைதட்டுகிற பொம்மையாக அனுப்பியிருந்தாய். அந்த வீடியோவில் மேளச் சத்தமும் அப்பாவின் கட்டைவிரலும்தான் இருக்கிறது, நடந்தது அதில் இல்லை. நடந்த சண்டையை உன்னிடம் வேண்டுமென்றேதான் மறைத்தேன். நீ படித்த அரசுப் பள்ளியை ஐந்து வருஷத்துக்கு முன்னால் மூடியது உனக்குத் தெரியும். வருகிற வாத்தியார்கள் எல்லாம் ஒரு வருஷம் இருந்து மாறுதல் வாங்கிக்கொண்டு போக, சனங்களும் வெறுத்துப்போய்ப் பிள்ளைகளை வேன் வைத்து டவுனுக்கு அனுப்ப, கடைசியில் பிள்ளையே இல்லை என்று பூட்டிவிட்டார்கள். அப்புறம் அந்த ஐப்பசி மழையில் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறி, வேன் நடுவில் நின்று, சின்னதுகள் எல்லாம் பொழுது இறங்கும் வரை பசியோடு உள்ளேயே கிடந்து அழுததே, அன்றைக்குத்தான் இனி நம்ம பிள்ளைக்கு நாமே பள்ளிக்கூடம் வைப்போம் என்று ஊர் ஒரே வாயாகப் பேசியது. அறக்கட்டளை பதிந்து, அங்கீகாரத்துக்கு அலைந்து, ஊர்ப் பொதுத் தோப்பை ஏலம் விட்டுக் குளக்கரைக்கு மேலே நாலு அறை கட்டியது வரை எல்லாம் ஒற்றுமையாகத்தான் நடந்தது. கட்டி முடித்துத் திறப்பு விழா என்று வந்ததும் பிடித்தது சனி.

நம்ம ஊரில் எதற்குமே பங்காளிகள் பிரிந்து நிற்கிற கரைதானே. மேலக்கரைக்குத் தலைமை அம்பலம் பழனிச்சாமி அண்ணன், கீழக்கரைக்குத் திருமுருகன். கோயில் திருவிழாவில் யார் முதலில் விபூதி வாங்குவது என்பதற்கு வருஷம் மாற்றி வருஷம் முறை இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு ஏது முறை? குத்துவிளக்கை முதலில் ஏற்றுவது எந்தக் கரை, கல்வெட்டில் முதல் பெயர் எந்தக் கரை என்று ஆரம்பித்தது. நிலம் எங்க பக்கத்துல இருக்கு என்றது ஒரு கரை, அலைஞ்சு அங்கீகாரம் வாங்குனது யாரு என்றது இன்னொரு கரை. கல்வெட்டு வெட்ட வந்த ஆள் வெறும் கல்லை வைத்துக்கொண்டு தை முழுக்கக் காத்திருந்து, எங்கிட்டாவது ஒரு முடிவு சொல்லுங்கய்யா, எனக்குக் கோயில் வேலை கெடக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மாசி வந்தும் கட்டடம் பூட்டியே கிடந்தது. கீழக்கரையில் பாதிப் பேர் மறுபடி வேனுக்கு முன்பணம் கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பூட்டு மேல் பூட்டாக நானும் ஒன்று போட்டுவிட்டு வந்துவிடலாமா என்று இருந்தது. இரண்டு கரையும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாததால்தான் பள்ளிக்கூடக் கமிட்டிக்கு என்னைத் தலைவி ஆக்கினார்கள், அது உனக்கு நினைவிருக்கட்டும், என் திறமைக்கு இல்லை.

அந்த நேரத்தில்தான் நீ அமெரிக்காவில் பாடம் எடுக்கிற உங்கள் பள்ளிக்கூடத்துக் கூட்டத்தைப் பற்றிப் போனில் சொன்னாய். அந்த மண்ணின் பூர்வகுடியான நவஹோ சனங்கள் கூட்டத்தில் எழுந்து நின்றால், வேலையையோ பதவியையோ சொல்வதில்லை, முதலில் அம்மா வழியில் நான் இன்ன குலம், அப்பா வழியில் இன்ன குலம் என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள், அதைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் எனக்கு அண்ணனா, மகனா, பேரனா என்று தெரிந்துவிடும், அப்புறம் தடித்த வார்த்தை வராது என்றாய். உங்கள் கமிட்டித் தலைவி லொரெய்ன் அம்மாவின் தகப்பனாரும் இன்னும் சிலரும் சேர்ந்து அந்தப் பள்ளியை ஆரம்பித்த கதையும் சொன்னாய். பிள்ளைகளை எங்கோ தூரத்து விடுதிப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போய், முடியை வெட்டி, வீட்டுப் பேச்சைப் பேசினால் அடித்த காலம் இருந்ததாம், அதனால் எங்கள் பிள்ளைக்கு நாங்களே பள்ளிக்கூடம் வைப்போம், எங்கள் பேச்சும் அதில் இருக்கும் என்று வண்டியில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார்களாம். எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை ஆத்தா. நம்ம தரைப்பாலத்து அழுகை அந்த அழுகைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, ஆனாலும் நாங்கள் சொன்ன வார்த்தையைத்தானே அவர்களும் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டு வாசல் எல்லாம் கிழக்குப் பார்த்தது என்றும் சொன்னாய், எனக்கு அது ஒன்றே போதும், நல்ல சனம்.

மாசி மகத்துக்கு மறுநாள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நான் தலைவி என்பதால் என்னையும் உட்கார வைத்தார்கள், பக்கத்தில் கோயில்தெருவுக்கு அங்கிட்டு இருக்கிற செபமாலை மதினி. எடுத்த எடுப்பிலேயே குரல் ஏறியது. நான் எழுந்து, இன்னிக்கி ஒரு புது முறை, பேசுறவுக மொதல்ல ஒங்க அம்மா பேரையும் அம்மா பொறந்த வீட்டையும் சொல்லிட்டுப் பேசுங்க, நானே மொதல்ல சொல்றேன், நான் கறம்பக்குடிப் பக்கத்து அன்னக்கிளி மக என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சிரித்தார்கள். பின்னால் இருந்து ஒருவன், இது என்ன பொம்பளையாளு வெளையாட்டு என்றான். அவனைத்தான் முதலில் சொல்லச் சொன்னேன், அம்மா பெயர் வந்தது, அம்மா பிறந்த ஊர் வரவில்லை, பக்கத்தில் இருந்தவன் எடுத்துக் கொடுத்தான், பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. பழனிச்சாமி அண்ணன் எழுந்தார். அவர் வாயால் அம்மா பெயரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். வெள்ளையம்மா மகன், அம்மா பொறந்தது, என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். கீழக்கரை மாணிக்கம் வீடு என்றார். மாணிக்கம் யார் தெரியுமா, திருமுருகனுடைய அப்பாவைப் பெற்றவர். எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான், ஆனால் இத்தனை நாள் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. கரை என்று நின்றால் இரண்டு பேரும் எதிரி, அம்மா என்று நின்றால் பழனிச்சாமி அண்ணன் திருமுருகனுக்கு அத்தை மகன். அதற்கு அப்புறம் ஒவ்வொருத்தராகச் சொல்லச் சொல்ல, மேலக்கரையில் பாதி கீழக்கரைக்கு மருமகன், கீழக்கரையில் பாதி மேலக்கரை வீட்டுப் பேரன். யாருக்கும் கத்த வாய் வரவில்லை, ஆனால் விளக்கு மட்டும் யார் ஏற்றுவது என்று இன்னும் தெரியவில்லை.

அப்போதுதான் செபமாலை மதினி எழுந்தது. அவுக தெருவுக்குக் கரையே கிடையாது, கோயில் முறையில் அவர்களுக்கு இடம் இல்லை, ஆனால் கட்டடத்துக்கு மண் சுமந்ததில் அந்தத் தெரு ஆட்கள்தான் அதிகம். நான் திருவரங்குளத்துப் பக்கம் மரியம்மா மக என்று முறையாகச் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு சந்தேகம், ஒரு புள்ள பொறந்தா மொத மரியாதை பங்காளிக்கா, தாய்மாமனுக்கா என்று கேட்டது. மாமனுக்குத்தான் என்றார்கள். மாமன் வராம காது குத்துவீங்களா என்றது. எப்படிக் குத்துறது, மாமன் மடிதானே என்றார்கள். அப்ப இந்தப் பள்ளிக்கூடம் இந்த ஊருக்குப் பொறந்த புள்ள, நாங்க பொம்பளைகதான் பெத்தோம், எங்க அண்ணன் தம்பியெல்லாம் இருக்கப்ப ஒங்களுக்குள்ள ஏன்யா அடிச்சுக்கிறீங்க, மாமன் சீர் வரட்டும், மாமன் கையால வெளக்கு ஏத்தட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டது. பிறகு பழனிச்சாமி அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டே, சொல்றது ஞாயந்தானப்பா, மாமன இப்ப யாராலயும் முந்த முடியாதுல்ல என்றார். திருமுருகன் தலையை ஆட்டினான். கரை இருக்கிற வீடு, கரை இல்லாத வீடு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களும் பிறந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது என்று முடிவானது. முடிவெடுத்த முறை அந்த நவஹோ ஊர் முறை, எடுத்த முடிவு நம்ம ஊர் முறை. லொரெய்ன் அம்மாவிடம் இதைச் சொல்லிச் சிரிக்கச் சொல்.

சித்திரை முதல் நாள் வந்த சீர் இருக்கிறதே, என் கல்யாணத்துக்குக்கூட அப்படி வந்ததில்லை. டிராக்டரிலும் மினி லாரியிலும் இருபது ஊர் மாமன்மார் இறங்கினார்கள். வேட்டுச் சத்தம், தப்பு, நாயனம். தட்டுத் தட்டாகப் பழம், கற்கண்டு, தேங்காய், அதற்குப் பின்னால் பெஞ்சு, மின்விசிறி, கரும்பலகை, தண்ணீர் டிரம், கால்பந்து, ஒரு பெரிய மணி. உன் கறம்பக்குடி மாமா உலக உருண்டை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு சாமி ஆடுகிற மாதிரி நடந்து வந்தான். செபமாலை மதினியின் தம்பி புத்தக அலமாரி கொண்டு வந்தார், பாதர் மந்திரித்துக் கொடுத்தது என்றார், நம்ம பூசாரி அதற்கும் ஒரு சூடம் காட்டினார். ஒரு மாமன் மட்டும், என்ன புள்ள, எதுக்குச் சீர் என்று கேட்காமலே தங்கச்சி சொன்னாள் என்று பட்டுப்பாவாடையும் கொலுசும் வாங்கி வந்துவிட்டார். கூட்டம் சிரித்த சிரிப்பில் மனுசன் கூசிப்போனார். பள்ளியில் முதல் பெயராகச் சேர்ந்த அழகி என்கிற பிள்ளைக்கு அந்தப் பாவாடையைக் கட்டி, கொலுசைப் போட்டு, அந்த மாமன் கையைப் பிடித்தே விளக்கை ஏற்ற வைத்துவிட்டோம். கல்வெட்டில் ஆம்பளை பெயர் ஒன்றுகூட இல்லை, பெண்கள் பிறந்த ஊர்ப் பெயர்தான் வரிசையாக இருக்கிறது, செபமாலை மதினி ஊரும் அதில் உண்டு. விருந்துக்கு வெட்டிய ஆட்டுக்கறி தீர்ந்து கடைசிப் பந்திக்கு ரசம்தான். நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, என் மகள் ஜூனில் வந்து இந்த மணியை அடிக்கப்போகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம் முடிந்து நீ வந்துவிடுவாய், நம்ம பள்ளிக்கு நீதான் பெரிய டீச்சர் என்று நானே மனசுக்குள் நாள் குறித்து வைத்திருந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள்தான் நீ கூப்பிட்டாய். லொரெய்ன் அம்மாவும் கமிட்டியும் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், விசாவையும் நீட்டித் தருவார்கள், வருகிற வாத்தியார்கள் எல்லாம் போய்விடுகிறார்கள், பிள்ளைகள் யாரையும் நம்பாமல் ஆகிவிட்டார்கள், இப்போதுதான் என்னிடம் கணக்குக் கேட்டு வருகிறார்கள், எனக்கும் இருக்கத்தான் ஆசை, நீ என்னம்மா சொல்றே என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். யாருடைய பிள்ளைக்கோ என் பிள்ளை எதற்கு என்று இரண்டு நாள் வீட்டில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். உன் அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் மஸ்கட்டுல அத்தன வருசம் காசுக்காகக் கெடந்தேன், ஒரு நாளு, வந்துருங்கன்னு போன வச்சிருக்கியா நீயி, அவ புள்ளைகளுக்காக இருக்கேங்கிறா, அதுக்குப் போன வைக்கிற என்றார். நாகராசு என்கிற மனுசன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாயைத் திறப்பார், திறந்தால் இப்படித்தான் சுருக்கென்று இருக்கும். நான் அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன், குழம்பு ஊற்றவில்லை.

நீ வருவதாக இருந்தாலும் ஜூனுக்கு இன்னொரு டீச்சர் வேண்டும், இரண்டு பேர் இல்லாமல் முடியாது. திருக்கோகர்ணத்தில் சத்யபிரியா என்று ஒரு பெண், நன்றாகப் படித்தவள், வந்து பார்த்தவுடனே சின்னப் பிள்ளைகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டன. அவளுக்கு வர ஆசை, ஆனால் பள்ளிக்கூட நேரத்துக்குப் பஸ் வசதி இல்லாததால் இங்கேயே தங்கவேண்டும், மூன்று வருஷம் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று கமிட்டி கேட்கிறது, அவள் அம்மாவுக்குச் சம்மதம் இல்லை. போன வியாழக்கிழமை நானும் செபமாலை மதினியும் பஸ் ஏறிப் போனோம். அந்த அம்மா பெயர் ராஜலட்சுமி, வீட்டுக்காரர் இல்லை, ஜவுளிக்கடையில் வேலை பார்த்து ஒற்றைப் பெண்ணைப் படிக்க வைத்திருக்கிறது. காப்பி கொடுத்து மரியாதையாகத்தான் பேசியது. ஒத்தப் பொண்ணுங்க, ரெண்டு தெரு தள்ளி கான்வென்ட்ல வேலை இருக்குங்க, சாயந்திரம் ஆனா வீட்டுக்கு வந்துரும், எதுக்குங்க அங்க அனுப்பணும், நாளைக்கிக் கல்யாணம் காச்சின்னு பேச்செடுத்தா, எங்கயோ ஊர்ல தங்கியிருக்குன்னு சொல்ல மாட்டாங்களா என்று கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் நான் தலைவி இல்லையா, விடவில்லை. எங்க ஊருல பள்ளிக்கூடம் மூடுனது காசு இல்லாம இல்லைங்க, வந்தவுக எல்லாம் போனதாலங்க, ஒரு வருசம் பழகிட்டுப் போயிட்டா புள்ளைக மனசு மறுபடி ஒட்டாதுங்க, ஒங்க பொண்ணு எங்க ஊருல இருந்தா அது எங்க பொண்ணுங்க, காய்ச்சல்னா நான் பக்கத்துல படுத்துக்கிறேன், மூணே மூணு வருசம் எங்களுக்குக் குடுங்க என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துவிட்டு, ஒங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா என்றது. ஒரு மகள், அமெரிக்காவுல டீச்சரா இருக்கா என்றேன், எப்போதும் சொல்கிற பெருமையோடுதான் சொன்னேன். எப்ப வராங்க என்றது. அங்க இருக்கிற பள்ளிக்கூடமும் எங்களுது மாதிரிதாங்க, ஊர்க்காரவுகளே நடத்துறது, இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லிக் கேக்குறாக என்றேன். நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டது. செபமாலை மதினிக்கு எல்லாம் தெரியும், அது சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. இருக்கச் சொல்லிட்டேங்க என்றேன். பொய்தான். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. ராஜலட்சுமி அம்மா முந்தானையைத் திருகியது. அமெரிக்காவுக்கே நீங்க விட்டுட்டு இருக்கீங்க, இந்தா இருக்கிற கந்தர்வக்கோட்டைக்கு நான் விட மாட்டேன்னா எப்படிங்க, கூட்டிட்டுப் போங்க, வாரத்துக்கு ஒருக்கா அனுப்பி வச்சிருங்க என்றது. சொல்லும்போதே அதற்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளே சத்யபிரியா கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தும் உட்காரப் பிடிக்கவில்லை. செபமாலை மதினி, ஊருக்கு உபதேசம் ஒனக்கில்லடி பொண்ணேன்னு சும்மாவா சொன்னாக என்று சொல்லிவிட்டு என் இடுப்பில் ஒரு இடி இடித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. லொரெய்ன் அம்மாவை நான் இத்தனை நாள், என் மகளைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிற ஒருத்தியாகத்தான் நினைத்தேன். அன்றைக்கு ராஜலட்சுமி வீட்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பேசிய பேச்சு அத்தனையும் அந்த அம்மா பேசுகிற பேச்சுதான். அந்த அம்மாவுக்கு நம்ம வீட்டு வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக் கேட்க வழியில்லை, கடல் குறுக்கே கிடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நீ மூன்றாவது படிக்கும்போது உன் கணக்கு டீச்சர் மாறுதலில் போனதற்குப் பிறகு, அடுத்து வந்த டீச்சர் என்ன கேட்டாலும் பதிலே சொல்லாமல் நின்றாயே, பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று உன்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கேயும் அப்படி ஒரு பிள்ளை, அதற்கும் ஒரு அம்மா இருப்பாள். இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறது என்று நீ சொன்ன பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து இங்கே மணி அடி என்று நான் சொன்னால், நான் என்ன தலைவி?

அதனால் நான் ராஜலட்சுமியிடம் சொன்னதை உன்னிடமும் சொல்கிறேன். இரு. இன்னும் இரண்டு வருஷம் இரு. ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள், அம்மா வெளியில் வார்த்தை கொடுத்துவிட்டாள், அதைக் காப்பாற்றவேண்டும் என்று நீ இருக்காதே. உனக்கு உள்ளூர வர ஆசை இருந்தால், உடம்பு முடியவில்லை, மனசு முடியவில்லை என்றால், ஒரு வார்த்தை சொல், நாளைக்கே திருக்கோகர்ணத்துக்குப் பஸ் ஏறி, நான் பொய் சொன்னேன் அம்மா என்று அந்த வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவேன், எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் போனில் எனக்கும் இருக்கத்தான் ஆசை என்று நீ சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், போனை வைத்ததே அதைக் கேட்கப் பொறுக்காமல்தான். நம்ம பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கவலைப்படாதே, சத்யபிரியா வருகிறாள், பெரிய டீச்சராகப் பெருங்களூர்ப் பக்கத்திலிருந்து இசைவாணி என்று ஒருவரைப் பார்த்திருக்கிறோம், பழனிச்சாமி அண்ணனும் திருமுருகனும் முறை வைத்துத் தினம் ஒருத்தர் வந்து வாசல் கூட்டுகிறார்களா என்று பார்த்துக்கொள்கிறார்கள், அதில் போட்டி வந்தால் வரட்டும், நல்லதுதான். திருவரங்குளத்து வீட்டுக்கு அப்பாவே போய், எம்மக ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வரும், காத்திருந்தாச் சந்தோசம், இல்லேன்னாலும் வருத்தமில்ல என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பையன் ரகுநாத் வாசல் வரை கூட வந்து, அவுங்க என்ன பாடம் எடுக்குறாங்க மாமா என்று கேட்டானாம். அப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷம். அது அமையும், அமையாமலும் போகும், எனக்கு உள்ளே கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

பனி கொட்டும்போது வண்டியை வேகமாக ஓட்டாதே. தலைக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது எண்ணெய் வை, அங்கே கிடைக்காவிட்டால் சொல், அனுப்புகிறேன். பிள்ளைகளை அடிக்காதே, நீ அடிக்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். அவர்கள் பேச்சில் நாலு வார்த்தையாவது கற்றுக்கொள், பிள்ளைகள் முன்னால் தப்பாகப் பேசி அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், வாத்தியார் தப்புப் பண்ணினால்தான் பிள்ளைக்குத் தைரியம் வரும். லொரெய்ன் அம்மாவிடம் போய், என் அம்மா என்னை உங்களிடம் விட்டிருக்கிறாள் என்று அந்த வார்த்தையிலேயே சொல். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்ள ஆள் உண்டா என்று நான் கேட்டதாகவும் சொல், அந்த அம்மாவுக்குப் புரியும். நீயும் உன் பள்ளிக்கூடமும் அந்தப் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, பதினாறும் பெற்று வாழவேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். ஒரே ஒரு ஞாபகம். இரண்டு வருஷ ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எனக்குப் போன் பண்ணு, மாட்டைச் சாக்குச் சொல்லாமல் நானே எடுப்பேன். எடுத்து அழுவேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதைக் கேட்டு மனசு மாறிவிடாதே, போனையும் வைத்துவிடாதே, அழுது முடிக்கிற வரைக்கும் அங்கேயே இரு.

இப்படிக்கு,
உன்னை அனுப்பி வைக்கிற அம்மா,
நா. பொன்னுத்தாய்.